நோட்டீஸில் எழுதுவதைப் பத்திரத்திலும் எழுத முடியுமா?

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் மனைப்பிரிவு போட்டு விற்கும் புரமோட்டர்களுக்கும், அவர்களுக்குப் பார்ட்டியை அழைத்து வரும் ஏஜென்ட்டுகளுக்கும் வணக்கம்.

நான் கடலூரில் பத்திரம் எழுதும் தொழில் செய்கிறேன். உங்களில் பலருடைய மனைகளுக்குக் கிரையப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் விளம்பரங்களைப் பற்றிச் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. ஒருவரிடம் தனியாகச் சொன்னால் அவரை மட்டும் குறை சொன்னதாகிவிடும். அதனால் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

மனை வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் உங்கள் நோட்டீஸோடுதான் என்னிடம் வருகிறார்கள். இப்போதெல்லாம் அது போனில் வாட்ஸ்அப் படமாக இருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூலப் பத்திரத்தையும் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் படித்துப் பார்ப்பது என் வேலை. நோட்டீஸில் இரண்டு மாடி வீடு, புல்வெளி, நீச்சல் குளம். பத்திரத்தில் நஞ்சை, புல எண், சென்ட் கணக்கு. படத்தில் 60 அடிச் சாலை, லேஅவுட் வரைபடத்தில் 23 அடி. வந்தவர் படத்தைப் பார்த்து மனசுக்குள் முடிவு செய்துவிட்டார். அவர் பெயருக்கு வரப்போவதோ வரைபடத்தில் இருப்பது.

நான் உங்களிடம் கேட்பது இதைத்தான்: பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போடத் தயங்குகிற எதையும் விளம்பரத்தில் எழுதாதீர்கள்.

இதை என் சொந்த ஆசை என்று நினைக்க வேண்டாம். ரெரா என்று நாம் சொல்கிற 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் தன் 12ஆம் பிரிவில் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பி ஒருவர் முன்பணம் கொடுத்து, அதில் சொன்னது பொய்யாகி அவருக்கு நஷ்டம் வந்தால், புரமோட்டர் அதற்கு ஈடு கட்ட வேண்டும். எனக்கு இந்த மனையே வேண்டாம் என்று அவர் விலகினால், கொடுத்த பணம் முழுவதையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். அப்படியானால் பஸ் ஸ்டாண்டில் கையில் திணித்துவிட்டுப் போகும் அந்த வழவழத் தாளும் ஒரு சாட்சிதான். என்னிடம் வருகிறவர்களிடம் அதைத் தூக்கிப் போடாமல் பத்திரத்தோடு சேர்த்து வைக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குத் தெரியாமல் சொல்ல வேண்டாம் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் பதிவு எண், அதாவது மனைப்பிரிவை ரெரா ஆணையத்தில் பதிவு செய்தால் கிடைக்கும் எண். பதிவு வாங்காமல் விளம்பரம் செய்யக்கூடாது, முன்பதிவு வாங்கக்கூடாது, விற்கக்கூடாது, வாங்க வாருங்கள் என்று அழைக்கவும் கூடாது. 3ஆம் பிரிவு இது. "பிரீ லாஞ்ச் ஆஃபர், ரெரா அப்ளை பண்ணியாச்சு" என்று வரும் விளம்பரங்களைப் பார்க்கிறேன். விண்ணப்பம் போட்டது பதிவு ஆகாது. எண் கைக்கு வந்த பிறகுதான் வாய் திறக்கலாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் விளம்பரமா என்று ஒரு ஏஜென்ட் தம்பி என்னிடம் கேட்டார். ஆமாம், விளம்பரம்தான். எந்த ஊடகத்தில், எந்த வடிவத்தில் மக்களுக்குத் தெரிவித்தாலும் விளம்பரம் என்றுதான் சட்டத்தின் விளக்கம் போகிறது. நோட்டீஸ், சுற்றறிக்கை, பேனர், ரீல்ஸ் எல்லாம் அதற்குள் அடங்கும்.

"நம்முடையது சின்ன இடம், ரெரா தேவையில்லை" என்பது அடுத்துக் கேட்கும் பேச்சு. நிலம் 500 சதுர மீட்டருக்குள் இருந்தால் விலக்கு உண்டு. அடுக்குமாடி என்றால் எட்டு வீடு வரை விலக்கு. 500 சதுர மீட்டர் என்பது சுமார் 12 சென்ட். அரை ஏக்கரை நாலு பேர் பெயரில் பிரித்து, ஆளுக்குக் கொஞ்சம் என்று காட்டினால் தப்பிக்கலாம் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை கட்டமாகப் பிரித்தாலும் எல்லாவற்றையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அந்த யோசனை சொன்னவர் அபராதம் கட்ட வரமாட்டார். பதிவில்லாமல் விற்றால் திட்டத்தின் மதிப்பீட்டுச் செலவில் 10 சதவீதம் வரை அபராதம். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இன்னொரு 10 சதவீதம், அல்லது இரண்டுமே. பதிவு இருந்தும் விளம்பரத்தில் எண்ணைப் போடாமல் விட்டால் 5 சதவீதம் வரை போகலாம். இரண்டு கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அது பத்து லட்சம். ஏஜென்ட் பதிவு செய்யாமல் தொழில் செய்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒருவர் தான் முன்பு வாங்கிய ஒற்றை மனையை மறுபடி விற்கிறார், அதற்கு ஏஜென்ட் ஒரு விளம்பரம் போடுகிறார் என்றால், அந்த மனைக்குத் திட்டப் பதிவு எண் கேட்பதில் அர்த்தமில்லை. ரெரா எண் இல்லாத விளம்பரம் எல்லாமே மோசடி என்று யாராவது சொன்னால் அது தவறு.

எண்ணை எப்படிப் போடுவது என்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. பதிவு எண்ணையும், முழு விவரம் பார்க்கக்கூடிய ரெரா இணையதள முகவரியையும் பளிச்சென்று தெரியும்படி போட வேண்டும் என்பது 11ஆம் பிரிவு. நீங்கள் போடுவது எப்படி? பேனரின் அடியில், கம்பத்துக்குப் பின்னால், எறும்பு ஊர்வது மாதிரி. மனைப்பிரிவின் பெயர் மட்டும் ஆறடி உயரம். சில பேனரில் "ரெரா அப்ரூவ்டு" என்ற வார்த்தை பெரிதாக இருக்கிறது, எண்ணைக் காணோம். இன்னும் சிலதில் எண் இருக்கிறது, ஆனால் அது பக்கத்தில் முன்பு முடித்த வேறொரு லேஅவுட்டின் எண். தமிழ்நாட்டுப் பதிவு எண்ணிலேயே மாவட்ட எண், லேஅவுட்டா கட்டடமா என்பது, வரிசை எண், ஆண்டு எல்லாம் வந்துவிடுகிறது. இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் எந்த ஊர், எந்தப் புல எண், பதிவு எந்தத் தேதி வரை செல்லும் என்று தெரிந்துவிடும். இதை நான் பார்க்கிறேன், இப்போது படித்த பிள்ளைகளும் பார்க்கிறார்கள். காலம் முடிந்த பதிவை வைத்துக்கொண்டு புது விளம்பரம் போடுவதும் அதில் வெளியே வந்துவிடும்.

நம் பகுதிக்கென்றே ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

புதுச்சேரி எல்லை நேர்க்கோடாகப் போவதில்லை. கடலூரிலிருந்து வண்டியில் கிளம்பினால் ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, கொஞ்ச தூரம் தள்ளி முள்ளோடை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் புதுச்சேரி. பாகூர், நெட்டப்பாக்கம் கொம்யூன் (புதுச்சேரியில் பஞ்சாயத்துப் பிரிவுக்கு அப்படித்தான் பெயர்) பக்கம் போனால் ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு அரசாங்கம், அந்தப் பக்கம் இன்னொரு அரசாங்கம். வடக்கே ஆரோவில்லைப் பாண்டிச்சேரி என்றுதான் உலகமே நினைக்கிறது. அதன் நிலத்தில் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் இருக்கிறது. இந்தக் குழப்பத்தைத்தான் விளம்பரம் பயன்படுத்திக்கொள்கிறது. "பாண்டிச்சேரியில் மனை" என்று பெரிய எழுத்து, பின்னால் பிரெஞ்சுத் தெருவின் மஞ்சள் சுவர்ப் படம். பத்திரம் எழுத உட்கார்ந்தால் கடலூர் மாவட்டம் அல்லது விழுப்புரம் மாவட்டம்.

உள்ளூர்க்காரர் ஊர்ப் பெயரைக் கேட்டதும் புரிந்துகொள்வார். ஆனால் உங்கள் மனையை வாங்குகிறவர்களில் எத்தனை பேர் வெளியே இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். பிரான்சில் குடியேறிய புதுச்சேரிக் குடும்பங்கள், சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை செய்யும் கடலூர்ப் பிள்ளைகள். அவர்கள் வீடியோ பார்த்துப் பணம் அனுப்புகிறார்கள். அம்மா வந்து கையெழுத்துப் போடுகிறார். அப்படி ஒரு அம்மா, புதுச்சேரியில் மனை வாங்குகிறோம், கிரையமும் அங்கேதான் நடக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். எந்த மாநிலம் என்பதே அவருக்கு என் மேஜையில்தான் தெரிந்தது. முன்பணம் அதற்குள் போய்விட்டது.

எந்த மாநிலம் என்பதில் எல்லாம் மாறுகிறது. தமிழ்நாட்டில் நகர் ஊரமைப்புத் துறை ஒப்புதல், நாம் டி.டி.சி.பி. என்பது. புதுச்சேரியில் நகர அமைப்புக் குழுமம், பி.பி.ஏ. என்பது. பட்டா பார்க்க அங்கே நிலமகள் என்ற இணையதளம், இங்கே வேறு தளம். முத்திரைக் கட்டணம் வேறு. ரெரா ஆணையமும் வேறு வேறு: தமிழ்நாட்டுக்குச் சென்னையில் ஒன்று, புதுச்சேரிக்குத் தனியாக ஒன்று. நாளைக்குப் புகார் என்றால் நிலம் எங்கே இருக்கிறதோ அந்த ஆணையத்திடம்தான் போக வேண்டும். எனவே வருவாய்க் கிராமம், வட்டம் அல்லது கொம்யூன், மாவட்டம், மாநிலம் ஆகிய நாலையும் மனைப்பிரிவின் பெயருக்கு அடுத்த வரியிலேயே போடுங்கள். "பாண்டிக்கு அருகில்" என்று எழுத வேண்டுமென்றால் அதற்குப் பிறகு எழுதுங்கள், எத்தனை கிலோமீட்டர் என்றும் சேர்த்து எழுதுங்கள். "பத்தே நிமிடம்" என்பதை விட்டுவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் போனால்தான் அது பத்து நிமிடம்.

பரப்பளவும் அப்படித்தான். குழி என்று எழுதுகிறீர்கள். குழிக் கணக்கு இடத்துக்கு இடம் மாறும் என்பது வெளியூர்ப் பிள்ளைக்குத் தெரியாது. பக்கத்தில் சதுர அடியைப் போட்டால் போதும்.

வரப்போகிற திட்டங்களைக் காட்டி விற்பது இன்னொன்று. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்கு ரயில் பாதை என்று அறிவித்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னும் ரயில் ஓடவில்லை. அந்த ரயிலுக்கு நிலையம் இங்கேதான் என்று படம் போட்டு மனை விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். விழுப்புரம், நாகப்பட்டினம் நான்கு வழிச்சாலை கண் முன்னால் இருக்கும் விஷயம், அதைச் சொல்வதில் தவறில்லை. ஆனால் சாலைக்கு நூறு மீட்டரில் மனை இருக்கிறது, இறங்கி ஏறச் சர்வீஸ் ரோடு இல்லை என்றால் நாலு கிலோமீட்டர் சுற்றித்தான் போக வேண்டும். அதையும் சேர்த்துச் சொல்லலாமே. இருப்பதை இருக்கிறது என்றும், அறிவித்ததை அறிவிப்பு என்றும் பிரித்து எழுதினால் யாரும் உங்களைக் கேட்கப்போவதில்லை.

சொல்லாமல் விடுவது பொய் ஆகாது என்று சிலர் நினைக்கிறார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்கள். முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரமும் தவறாக வழிநடத்தும் விளம்பரம்தான் என்று அதில் இருக்கிறது. லேஅவுட் மனை விற்பதும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் சேவை என்று உச்ச நீதிமன்றம் 2012இலேயே சொல்லிவிட்டது. கடலூரில் மறைக்கக்கூடாத தகவல் எது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? 2015 மழை உங்களுக்கு நினைவிருக்கும். 2024இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணையைத் திறந்தபோது தென்பெண்ணைக் கரை ஊர்கள் என்ன ஆயின என்பதும் நினைவிருக்கும். அந்தத் தண்ணீர் நின்ற வயலில் அடுத்த கோடையிலேயே கல் நட்டு, "ஆற்றோரக் குளிர்ச்சி" என்று விளம்பரம் போடலாமா? கெடிலம், பெண்ணை, பரவனாறு இவற்றின் கரையில் விற்கும் மனைக்குத் தண்ணீர் எவ்வளவு ஏறியது, எவ்வளவு மண் கொட்டி மேடு செய்திருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். உண்மையாகவே மேடு செய்தவருக்கு அது நல்ல விளம்பரம்.

சிப்காட் பக்கம் விற்பவர்கள் வேலைவாய்ப்பைச் சொல்கிறீர்கள். நிலத்தடி நீரைப் பற்றி அந்த ஊர்க்காரர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருவதைச் சொல்வதில்லை. நெய்வேலிப் பக்கம் சுரங்க விரிவாக்கத்துக்கு நிலம் எடுக்கும் பேச்சு எந்தெந்த ஊர்களில் இருக்கிறது என்பது வாங்குகிறவரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கடல் தெரியும் மனை என்று விற்பவர்களுக்கு: கடலோர ஒழுங்குமுறை விதிகளின்படி உயர் அலைக் கோட்டிலிருந்து எவ்வளவு தூரத்துக்குக் கட்டடம் கட்டக்கூடாது என்பது அந்தந்த இடத்தின் வகையைப் பொறுத்தது, கிராமப்புறக் கடற்கரையில் அது 200 மீட்டர் வரைகூட இருக்கும். வீடு கட்ட முடியாத இடத்தில் வீட்டுப் படம் போட்டு விற்பதற்கு என்ன பெயர் வைப்பது?

பண்ணை நிலம் என்ற பெயரில் நடப்பதும் இந்த வகையில்தான் சேரும். 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்த பிறகு, ஒப்புதல் இல்லாத புது மனையைத் தமிழ்நாட்டில் பதிவு செய்ய முடியாது. பதிவுச் சட்டத்தின் 22ஏ பிரிவு அதற்காகவே நடைமுறைக்கு வந்தது. அதனால் இப்போது விவசாய நிலத்தைப் பத்து சென்ட், இருபது சென்ட்டாக வெட்டி, வேலி போட்டு, ரெண்டு மாங்கன்று நட்டு, "வார இறுதி வீட்டுக்கு ஏற்ற ஃபார்ம் லேண்ட்" என்று விளம்பரம். பத்திரத்தில் விவசாய நிலம் என்று எழுதச் சொல்கிறீர்கள். விளம்பரத்தில் வீடு, பத்திரத்தில் நஞ்சை. அங்கே வீடு கட்ட அனுமதி கேட்டு அவர் அலையப்போவது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரியாதவர் பணம் கொடுத்தவர் மட்டும்தான். "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்று போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் இல்லாமல் பஞ்சாயத்துத் தலைவர் மட்டும் கையெழுத்துப் போட்டதை அப்ரூவல் என்று சொல்ல முடியாது.

பணத்தைப் பற்றிய விளம்பரங்களையும் சொல்லிவிடுகிறேன். "பத்திரச் செலவு முற்றிலும் இலவசம்." தமிழ்நாட்டில் கிரையத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இலவசம் என்று சொன்ன பிறகு என்ன நடக்கிறது? மனை விலை 12 லட்சம், அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு 4 லட்சம் என்றால் பத்திரத்தில் 4 லட்சத்தைப் போடச் சொல்கிறீர்கள். உங்களுக்குச் செலவு 36 ஆயிரத்தோடு முடிகிறது. வாங்கியவர் கையில் இருப்பதோ 4 லட்சத்துக்கு வாங்கியதாகச் சொல்லும் ஆவணம். பிரச்சினை வந்து பணத்தைத் திருப்பிக் கேட்டால் மீதி 8 லட்சத்துக்கு அவரிடம் என்ன சாட்சி இருக்கும்? நாளைக்கு விற்கும்போது லாபத்துக்கான வருமான வரிக் கணக்கும் அந்த 4 லட்சத்திலிருந்துதான் தொடங்கும். இதைச் சொல்லாமல் இலவசம் என்று போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. கொடுத்த விலையை முழுதாக எழுதி, அதற்கான கட்டணத்தில் எவ்வளவு நீங்கள் ஏற்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

அப்புறம் மாதத் தவணை. மாதம் ஐயாயிரம் கட்டினால் ஐந்து வருடத்தில் மனை சொந்தம் என்கிற திட்டம். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்பது ரெராவின் 13ஆம் பிரிவு. ஒரு அட்டையில் மாதாமாதம் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது ஒப்பந்தம் ஆகாது. வீட்டு வேலை செய்கிறவர்களும் மீன் விற்கிறவர்களும்தான் இந்த அட்டைகளை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களிடம் அது எந்த மனை எண் என்று கேட்டால் தெரியாது. மனை எண்ணே ஒதுக்காமல் பணம் வாங்கியிருப்பார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

வீடியோ போடும் தம்பி தங்கைகளும் இதைப் படிக்க வேண்டும். 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, ஒரு விளம்பரத்தின் நிபந்தனைக் குறிப்பு, அந்த விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் இருக்க வேண்டும். தமிழில் பெரிதாக வாக்குறுதி கொடுத்துவிட்டு, "படங்கள் கற்பனையே" என்பதை மட்டும் இங்கிலீஷில் பொடி எழுத்தில் ஓட விடுவது செல்லாது. காசு வாங்கிக்கொண்டு பேசுகிறீர்கள் என்றால் அதையும் பார்க்கிறவருக்குத் தெரியும்படி சொல்ல வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் வரை அபராதம், திரும்பச் செய்தால் ஐம்பது லட்சம் வரை. விளம்பரத்தில் வந்து பேசியவருக்கும் அது உண்டு.

உங்களில் ஒழுங்காகத் தொழில் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். டி.டி.சி.பி. ஒப்புதல் வாங்கி, பூங்காவுக்கும் பொது இடத்துக்கும் விட வேண்டிய 10 சதவீதத்தை விட்டு, அதை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்து, ரெரா எண் வரும் வரை வட்டி கட்டிக்கொண்டு காத்திருக்கிறீர்கள். அதற்குள் பக்கத்து வயல்காரர் எண் இல்லாமலேயே பாதி மனையை விற்று முடித்துவிடுகிறார். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் சங்கக் கூட்டங்களில் வழிகாட்டி மதிப்பைப் பற்றியும் கட்டணங்களைப் பற்றியும் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றிப் பேசுவதில்லையே, ஏன்? உறுப்பினர் ஒருவர் எண் இல்லாமல் பேனர் வைத்தால் சங்கமே கூப்பிட்டுக் கழற்றச் சொல்லலாம். கேட்காவிட்டால் ஆணையத்துக்குச் சங்கமே எழுதலாம். பிளெக்ஸ் அடிக்கும் கடைக்காரரிடமும் லோக்கல் கேபிள்காரரிடமும், எண் இல்லாத மனை விளம்பரத்தை வாங்காதீர்கள் என்று நீங்களே சொல்லலாம். அவர்களுக்கு மாதாமாதம் வேலை கொடுப்பவர்கள் நீங்கள்தான். உங்கள் பேச்சைக் கேட்பார்கள்.

ஆடிப்பெருக்குக்கும் பொங்கலுக்கும் நீங்கள் அதிகமாக நோட்டீஸ் அடிப்பீர்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தத் தாளையும், ஒப்புதல் உத்தரவு, லேஅவுட் வரைபடம், ரெரா சான்று ஆகியவற்றின் நகலையும் என்னிடம் கொண்டு வாருங்கள். எந்த வரியைப் பத்திரத்தில் எழுத முடியும், எந்த வரியை எழுத முடியாது என்று பென்சிலில் குறித்துத் தருகிறேன். அதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வந்தால் நிதானமாக உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
கடலூர் பத்திர எழுத்தர் ஒருவர்